வாசகர் கேள்வி - பதில்: பிள்ளைகளை யார் வளர்க்கிறார்கள்?

கேள்வி: கும்பகோணத்தில் மாமனார், மாமியார், கொழுந்தனார் குடும்பம் என்று வீடு நிறைய ஆட்களோடு இருந்தோம். கணவரின் வேலைக்காகச் சென்னைக்கு வந்துவிட்டோம். மகனுக்கு நான்கு வயது. "தனியா வளர்ற பிள்ளை யாரோடவும் ஒட்டாது" என்று மாமியார் போனில் ஓயாமல் சொல்கிறார். உண்மையா?
- வாசகி, மேடவாக்கம்

பதில்: உண்மை இல்லை. ஆனால் அவருடைய பயம் எனக்குப் புரிகிறது. கூட்டுக்குடும்பத்தில் அம்மா காய்ச்சலில் படுத்தால் சாதம் பிசைந்து ஊட்ட ஒரு பெரியம்மா இருப்பார், அப்பா கை ஓங்கினால் குறுக்கே வந்து நிற்க ஒரு தாத்தா இருப்பார். அதே வீட்டில்தான் பெரியப்பா மகனின் மார்க்கைச் சொல்லிச் சொல்லியே இன்னொரு பிள்ளையைக் குன்ற வைப்பதும், பெரியவர்கள் இரண்டு பேர் முகம் கொடுத்துப் பேசாத நாட்களில் "போய் உங்கம்மாகிட்ட சொல்லு" என்று குழந்தையைத் தூது அனுப்புவதும் நடக்கிறது, இதை மட்டும் நாம் வசதியாக மறந்துவிடுகிறோம்.

ஹவாயில் கவாய் என்று ஒரு தீவு. அங்கே 1955-ல் பிறந்த 698 குழந்தைகளை எம்மி வெர்னர் என்ற உளவியலாளரும் அவருடைய குழுவினரும் அவர்கள் நாற்பது வயதைத் தொடும்வரை தொடர்ந்து கவனித்தார்கள். வறுமை, குடி, பெற்றோரின் மனநோய், ஓயாத சண்டை என்று பல சுமைகளோடு வளர்ந்த பிள்ளைகளிலும் ஏறக்குறைய மூன்றில் ஒருவர் நல்ல நிதானமான மனிதராக வந்திருந்தார். அவர்களில் பலருக்கும் சிறு வயதிலேயே நம்பிச் சாய ஒரு பெரியவராவது இருந்தார். அது அம்மாவாகவோ அப்பாவாகவோதான் இருக்க வேண்டும் என்றில்லை. பாட்டி, அத்தை, அக்கா, பக்கத்து வீட்டுக்காரர், டீச்சர் என்று யாராகவும் இருந்தார்கள்.

அதனால் வீட்டில் எத்தனை தலை என்று எண்ணாதீர்கள். உங்கள் மகனுக்கு உங்கள் இருவரைத் தவிர, மாறாமல் கூடவே இருக்கும் பெரியவர் இன்னும் யார் என்று பாருங்கள். ஹவுஸ் ஓனர் அம்மாவோ எதிர் போர்ஷன் குடும்பமோ, நம்பிக்கையானவர்கள் என்று நன்றாகத் தெரிந்தால் அவர்களோடு அவனைப் பழக விடுங்கள். அப்புறம், "ராத்திரி எட்டு மணிக்கு நீங்கதான் அவனுக்குக் கதை சொல்லணும் அத்தை" என்று மாமியாரிடமே கேளுங்கள். பேரன் கைவிட்டுப் போய்விடுவானோ என்ற கலக்கம்தான் அவரை அப்படிப் பேச வைக்கிறது என்று நினைக்கிறேன்.

கேள்வி: கணவர் ரியாத்தில் இருக்கிறார், இரண்டு வருடத்துக்கு ஒருமுறைதான் லீவு. ஒன்பதாவது படிக்கும் மகன் என் பேச்சைக் கேட்பதே இல்லை. "அப்பாகிட்ட சொல்றேன்" என்றால் முன்பெல்லாம் அடங்குவான். இப்போது அவர் கூப்பிடும் நேரம் பார்த்து வெளியே போய்விடுகிறான்.
- வாசகி, பரமக்குடி

பதில்: அவன் ஏன் போகிறான் என்று யோசித்தீர்களா சகோதரி? போனை எடுத்தால் அன்றைய புகார்கள், அப்புறம் திட்டு, அப்புறம் "நான் இங்க யாருக்காகக் கஷ்டப்படறேன்" என்ற வார்த்தை. பதினான்கு வயதுப் பையன் அதற்கு என்ன பதில் சொல்வான்? குடும்பத்துக்காகப் பல வருடங்களைப் பாலைவன வெயிலில் கழிக்கும் ஒரு மனிதர், சொந்த மகனுக்கு வெறும் மிரட்டலாகிப் போவது எனக்குத் தாங்க முடியாத வருத்தம். ராமநாதபுரம், சிவகங்கைப் பக்கம் எத்தனையோ வீடுகளில் இப்படித்தான் இருக்கிறது.

ஒரு மாதத்துக்கு மகனைப் பற்றிய எந்தப் புகாரையும் கணவரிடம் கொண்டு போகாதீர்கள். ரியாத் நேரம் நமக்கு இரண்டரை மணி பின்னால். அவர் வேலை முடித்துக் குளித்து ஏழு மணிக்குக் கூப்பிட்டால் இங்கே ஒன்பதரை, இரண்டு பேரும் களைத்திருக்கும் நேரம். அங்கே பல வேலை இடங்களில் வெள்ளிக்கிழமை விடுமுறை. அவருக்கும் அப்படி என்றால், மகன் பள்ளி விட்டு வந்த பிறகு அந்தச் சாயங்காலத்தை அவர்கள் இருவருக்கும் ஒதுக்குங்கள், நீங்கள் பக்கத்தில் இருக்க வேண்டாம். ரூமில் யார் யார் இருக்கிறார்கள், இன்று யார் சமையல் என்றெல்லாம் அவர் சொல்லட்டும். பிளஸ் ஒன்னில் என்ன குரூப் எடுப்பது என்பதை அவர்கள் இருவரும் பேசட்டும். ஊரில் தாய்மாமன் இருந்தால் அவரையும் அழையுங்கள். மிரட்ட வேண்டாம், பையனை வண்டியில் ஏற்றிக்கொண்டு சந்தைக்கும் கண்மாய்க்கும் போய்வந்தால் போதும்.

கேள்வி: விவாகரத்தான பிறகு மகளைத் தனியாக வளர்க்கிறேன். பள்ளி விண்ணப்பத்தில் தொடங்கி எங்கும் தகப்பன் பெயரையே கேட்கிறார்கள். "அப்பா இல்லாத பிள்ளை" என்ற சொந்தக்காரர்கள் பேச்சு வேறு.
- வாசகி, சேலம்

பதில்: தந்தை உயிரோடு இருக்கும்போதே தாயும் இயற்கைக் காப்பாளராக, அதாவது சட்டப்படி பிள்ளைக்குப் பொறுப்பானவராக, இருக்க முடியும் என்று 1999-லேயே உச்ச நீதிமன்றம் கீதா ஹரிஹரன் வழக்கில் சொல்லிவிட்டது. பாஸ்போர்ட்டுக்கு 2016 டிசம்பரில் வந்த விதிமாற்றத்துக்குப் பிறகு பெற்றோரில் ஒருவர் பெயர் போதும். பள்ளியில் இதைச் சொல்லி, உங்கள் பெயரைப் பதியச் சொல்லிக் கேளுங்கள், தயங்க வேண்டாம். சொந்தக்காரர்கள் பேசினால் மகள் இருக்கும்போதே, அவள் காதில் விழும்படி மறுத்துச் சொல்லுங்கள். நீங்கள் மௌனமாக இருந்தால் அவர்கள் சொல்வதை அவள் நம்பிவிடுவாள்.

கேள்வி: ஏழாவது படிக்கும் மகன் கையில் கலர் கயிறு கட்டிக்கொண்டு வந்தான். கேட்டால் "நம்ம ஆளுங்க எல்லாரும் கட்டியிருக்காங்க" என்கிறான். வீட்டில் நாங்கள் சாதியைப் பற்றிப் பேசுவதே இல்லையே!
- வாசகர், திருநெல்வேலி

பதில்: நீங்கள் பேசவில்லை, சரி. தெரு பேசுகிறது. கோயில் கொடையில் வைக்கிற பிளெக்ஸ் பேசுகிறது, பஸ்ஸில் அண்ணன்மார் போடுகிற பாட்டு பேசுகிறது. நண்பன் வந்துபோன பிறகு தாழ்ந்த குரலில் "அவன் யாரு வீட்டுப் பையன்?" என்று பெரியவர்கள் யாராவது விசாரிப்பதும், யாருக்கு எந்த டம்ளரில் தண்ணீர் கொடுக்கிறோம் என்பதும், யாரை நடுவீட்டுக்குள் கூப்பிடுகிறோம் யாரைத் திண்ணையோடு அனுப்புகிறோம் என்பதும் பிள்ளையின் கண்ணில் படாமல் இருக்காது. எந்த வீட்டையும் குறிவைத்து இதைச் சொல்லவில்லை, உங்கள் வீட்டை நீங்களே ஒருமுறை பாருங்கள்.

2023 ஆகஸ்ட்டில் நாங்குநேரியில் பிளஸ் டூ படித்த தலித் மாணவனை, கூடப் படித்தவர்களே வீடு புகுந்து வெட்டினார்கள். தடுக்க வந்த தங்கையையும் வெட்டினார்கள். அதன் பிறகு அரசு அமைத்த, ஓய்வுபெற்ற நீதிபதி சந்துருவின் ஒரு நபர் குழு 2024 ஜூனில் அறிக்கை கொடுத்தது. பள்ளியில் சாதி அடையாளக் கயிறுகளைத் தடை செய்யவும் பள்ளிப் பெயர்களில் உள்ள சாதிப் பெயர்களை நீக்கவும் அதில் பரிந்துரை இருக்கிறது.

கயிற்றை உடனே அறுத்து எறியாதீர்கள், மறுநாள் பையில் ஒளித்து எடுத்துப் போவான். யார் கொடுத்தது, கட்டாவிட்டால் என்ன ஆகும் என்று கேளுங்கள். கட்டாதவனை யாரும் சேர்த்துக்கொள்ள மாட்டார்கள் என்ற பயம் இருந்தால் அது அவன் குற்றமே இல்லை. பன்னிரண்டு வயதில் நாங்குநேரியைப் பற்றிச் சொன்னால் புரியும், சொல்லுங்கள். அவனே கழற்றட்டும். அதே வாரம் இன்னும் நாலைந்து பெற்றோரை, எல்லாத் தெருவிலிருந்தும், கூட்டிக்கொண்டு தலைமையாசிரியரைப் பாருங்கள். ஒரு பையன் மட்டும் வெறுங்கையோடு போனால் அவனைத்தான் சீண்டுவார்கள்.

கேள்வி: ஒன்றரை வயது மகளுக்கு மாமனார் போனைக் காட்டித்தான் சாப்பாடு ஊட்டுகிறார். சொன்னால் கோபம் வருகிறது.
- வாசகி, மதுரை

பதில்: இந்த வயதுக்குத் திரையே வேண்டாம் என்பது உலக சுகாதார நிறுவனம் 2019-ல் வெளியிட்ட வழிகாட்டுதல். ஆனால் மூட்டுவலியோடு இருக்கிற பெரியவர், ஓடுகிற குழந்தைக்குப் பின்னால் கிண்ணத்தோடு எப்படி ஓடுவார்? நீங்களோ கணவரோ வீட்டில் இருக்கிற வேளைகளில் நீங்களே ஊட்டுங்கள். மதியத்துக்கு அவளைத் தரையில் உட்கார்த்தி, அவள் கையாலேயே எடுத்துத் தின்கிற மாதிரி இட்லித் துண்டு, வாழைப்பழம், குழைந்த பருப்புச் சாதம் வைத்துவிட்டுப் போங்கள். சிந்தினால் சிந்தட்டும், அதற்காக மாமனாரைக் கேள்வி கேட்காதீர்கள்.