அந்தக் குக்கரைக் கழுவியது யார்?

கேள்வி: அரசுப் பணியில் 34 ஆண்டுகள் இருந்துவிட்டு, 2 வருடம் முன்பு 60 வயதில் ஓய்வு பெற்றேன். மனைவிக்கு 58. பிள்ளைகளுக்குத் திருமணமாகி வெளியூரில் இருக்கிறார்கள். வருடத்தில் பாதி நாளாவது ஊர் ஊராகப் போய்வர வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை. காசி, பூரி, ஷீரடி, துவாரகை என்று நான்கு பயணங்களுக்குக் கூட வந்தாள். வெளிச்சாப்பாடு எனக்கு ஒத்துக்கொள்ளாது. அதனால் சின்ன கரண்ட் குக்கர், அரிசி, பருப்புப்பொடி எல்லாம் கையோடு கொண்டுபோய்விடுவோம், செலவும் மிச்சம். இப்போது கேதார்நாத் போகலாம் என்றால், "நீங்கள் போய்விட்டு வாருங்கள், நான் வீட்டில் இருக்கிறேன்" என்கிறாள். ஓய்வுபெற்ற தம்பதி எத்தனை நாள் வெளியில், எத்தனை நாள் வீட்டில் இருப்பது சரி? அவளுக்குப் புரிகிற மாதிரி எழுதுங்கள்.

பெயர் வேண்டாம், தஞ்சாவூர்

பதில்: ஐயா, அவருக்குப் புரியவைக்க என்னிடம் ஒன்றும் இல்லை. உங்களிடம்தான் கேட்க வேண்டியிருக்கிறது.

"கொண்டுபோய்விடுவோம்" என்று எழுதியிருக்கிறீர்கள். கொண்டுபோன பிறகு, அரிசி களைந்து போட்டது யார்? சாப்பிட்டு முடித்ததும் விடுதிக் குளியலறையில் குந்தி உட்கார்ந்து பக்கெட் தண்ணீரில் அந்தக் குக்கரைக் கழுவியது யார்? காசியில் சாயங்காலம் தசாஸ்வமேத கட்டத்தில் கங்கை ஆரத்தி பார்த்திருப்பீர்கள். அவர் எத்தனை நாள் பார்த்தார், எத்தனை நாள் "சாதம் வைக்கணும்" என்று அறையில் தங்கிவிட்டார்? யோசித்துப் பாருங்கள்.

வீட்டில் என்றால் அவருக்குக் கைக்கு எட்டுகிற உயரத்தில் அடுப்பு இருக்கிறது, மிக்ஸி இருக்கிறது, நின்றபடி பாத்திரம் கழுவத் தொட்டி இருக்கிறது. வெளியூரில் அதே வேலையை இது எதுவும் இல்லாமல் செய்ய வேண்டும். திரும்பி வந்தால் அழுக்குத் துணி ஒரு மூட்டை. நீங்கள் அதைப் பயணம் என்கிறீர்கள். அவருக்கு அது சமையலறை இல்லாத ஊரில் சமையல். அதனால்தான் வெளியில் எத்தனை நாள், வீட்டில் எத்தனை நாள் என்ற உங்கள் கணக்கை நான் போடப் போவதில்லை. அவருக்கு எல்லா நாளும் ஒரே நாள்தான்.

வெளிச்சாப்பாடு ஒத்துக்கொள்ளாது என்பதையும் நான் அப்படியே ஏற்கத் தயாரில்லை. 34 வருடத்தில் வேலை நிமித்தமாக ஒருமுறைகூட வெளியூர் போகவில்லையா? அங்கே மெஸ்ஸில் சாப்பிட்டீர்களா, குக்கரோடு போனீர்களா? காசியில் 1863-இலிருந்து நகரத்தார் சத்திரம் இருக்கிறது, நம் ஊர்ச் சாப்பாடு போடுகிறார்கள். பாரத் கௌரவ் சுற்றுலா ரயில்களில் சைவச் சாப்பாடும் கட்டணத்திலேயே சேர்த்தி. செலவு மிச்சம் என்கிறீர்களே, அது அவருடைய முதுகிலிருந்து எடுத்த மிச்சம்.

கேதார்நாத்துக்கே வருகிறேன். கௌரிகுண்டிலிருந்து சுமார் 16 கிலோமீட்டர் மலையேற்றம், கோயில் 3,583 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே தண்ணீர் 90 டிகிரியை எட்டுவதற்கு முன்பே கொதித்துவிடும், அரிசி லேசில் வேகாது. அந்தக் குளிரில் உங்கள் கரண்ட் குக்கர் முன்னால் அவரை உட்கார வைக்கத்தான் திட்டமா?

அவர் உங்களைத் தடுக்கவில்லை, போய்விட்டு வாருங்கள் என்றுதான் சொல்லியிருக்கிறார். அப்படியும் நீங்கள் கிளம்பவில்லை. கூட வர ஆள் இல்லை என்ற வருத்தமா, சமைத்துப் போட ஆள் இல்லை என்ற கவலையா? இதற்கு நீங்கள் உங்களுக்குள்ளேயே நேர்மையாகப் பதில் சொல்லிக்கொள்ள வேண்டும்.

உங்களுக்கு 60-இல் ஓய்வு என்று அரசாங்கம் ஆணை போட்டது. மாலை போட்டு அனுப்பியிருப்பார்கள். அவருக்கு அந்த ஆணையை நீங்கள்தான் போட வேண்டும், வேறு யாரும் போட மாட்டார்கள். பிள்ளைகளும் போய்விட்ட வீட்டில் சமையலில் பாதி கணவனுடையது என்று நான் உறுதியாக நம்புகிறேன். "உதவி" என்ற சொல்லையே எடுத்துவிடுங்கள், அது உங்கள் கடமை. நாளையிலிருந்து காலைக் காபியும் இரவுச் சாப்பாடும் உங்கள் பொறுப்பு. முதல் வாரம் உப்பு கூடும், குறையும். பரவாயில்லை.

ஒரு மாதம் இப்படி ஓடட்டும். அப்புறம் ஒருநாள், "உனக்கு எங்கே போகணும்?" என்று கேளுங்கள். காசி, பூரி, ஷீரடி, துவாரகை, கேதார்நாத் என்று உங்கள் கடிதத்தில் ஐந்து ஊர் இருக்கிறது. அதில் ஒன்றாவது அவர் கேட்ட ஊர் என்று நீங்கள் எழுதவில்லை. அவர் மகள் வீடு என்பார், பிறந்த ஊர் என்பார், பக்கத்தில் இரண்டு நாள் ஸ்ரீரங்கம் என்பார். எதைச் சொன்னாலும் மறுபேச்சு இல்லாமல் டிக்கெட் போடுங்கள். ரயிலில் 45 வயதான பெண்களுக்கே கீழ்ப் படுக்கையில் முன்னுரிமை உண்டு, அதைக் கேட்டு வாங்குங்கள். ஒரே ஒரு கீழ்ப் படுக்கைதான் கிடைத்தது என்றால் அது அவருக்கு.

கிளம்புகிற அன்று குக்கர் வீட்டிலேயே இருக்கட்டும். பெட்டியை நீங்கள் கட்டுங்கள்.