மார்பகப் புற்றுநோய்க்கு ஆபரேஷனுக்குப் பிறகு ரேடியேஷனும் இருக்கிறது என்றால், மார்பக மறுசீரமைப்பை (எடுத்த மார்பகத்தை மறுபடி உருவாக்குவதை) ஆபரேஷனோடு சேர்த்தே செய்துகொள்ளலாமா, காத்திருக்க வேண்டுமா?

உங்களுக்கும் நோய் நிணநீர்க் கணுக்கள் வரை போயிருக்கும் என்று நினைக்கிறேன், அதனால்தான் ரேடியேஷன் சொல்லியிருப்பார்கள். எனக்கு இடப்பக்க மார்பகத்தை முழுவதும் எடுத்தார்கள். அக்குளில் எடுத்த 14 கணுக்களில் 5-ல் நோய் இருந்தது.

அன்றைக்கே மார்பக வடிவத்துக்குச் சிலிகான் பை வைத்துவிடுங்கள் என்று அழுதேன். டாக்டரம்மா ஒத்துக்கொள்ளவில்லை. கதிர் பட்டால் சிலிகானைச் சுற்றி உடம்பு கட்டும் சவ்வு தடித்து இறுகும், வடிவம் கெடும், வலிக்கும், எடுத்துவிட்டு மறுபடி செய்யவேண்டி வரலாம் என்றார். எனக்குக் கோபம்தான் வந்தது.

ரேடியேஷன் 3 வாரம், 15 முறை. நெஞ்சில் ஊதா மையால் கோடு போட்டு, சோப்புப் போடாதீங்க என்றார்கள். வியர்வையில் கரைந்து வெள்ளை உள்பாடியெல்லாம் ஊதா. இடப்பக்கம் என்பதால் இதயத்தில் படாமலிருக்க மூச்சை இழுத்துப் பிடிக்க வேண்டும். கடைசி வாரம் தோல் கருத்து, அக்குள் மடிப்பில் உரிந்தது. ஆறு மாதம் கழித்தும் அந்த இடம் பழைய தோல்பை மாதிரி விறைப்பாக இருந்தது. டாக்டரம்மா சொன்னது அப்போதுதான் புரிந்தது.

ஒரு வருடம் கழித்து அடிவயிற்றுத் தோலையும் கொழுப்பையும் எடுத்து, ரத்தக்குழாய்களை மைக்ரோஸ்கோப் வழியாகப் பார்த்து நெஞ்சில் இணைத்தார்கள். 8 மணி நேரம். முதல் இரண்டு இரவும் நர்ஸ் மணிக்கொரு தடவை வந்து நிறமும் சூடும் பார்த்தார். தொட்டால் எனக்குத் தெரியாது, அதையும் சொல்லிவிடுகிறேன். ஆனால் கை வைத்தால் கதகதப்பாக இருக்கிறது, என் சதை.

நான் டாக்டர் இல்லை. உடனே செய்துகொண்டு நன்றாக இருப்பவர்களும் உண்டு. 'இந்த வயசில் இதெல்லாம் தேவையா' என்று எழுத வருகிறவர்களுக்கு: வேண்டாம் என்று விட்டு நிம்மதியாக இருப்பவர்களை நான் ஒரு வார்த்தை சொல்லவில்லை. குளித்துவிட்டு வரும்போது கண்ணாடியைத் துண்டால் மூடியவள் நான். அந்த ஒரு வருடத்தை நான்தான் கழித்தேன்.

அப்புறம் இன்சூரன்ஸ். 'அழகு சிகிச்சை' என்று தள்ளிவிட்டார்கள். இன்னும் ஆறவில்லை எனக்கு. பாலிசியில் அழகு சிகிச்சைக்குப் பணம் இல்லை என்று சொல்லும் அதே பத்தியில், விபத்து, தீக்காயம், புற்றுநோய்க்குப் பிறகான மறுசீரமைப்புக்கு அது பொருந்தாது, பணம் உண்டு என்று இருக்கிறது. அந்த வரியைக் கோடிட்டு 3 முறை அனுப்பிய பிறகுதான் பணம் வந்தது. உங்கள் பாலிசியில் அந்தப் பக்கத்தை இப்போதே எடுத்து வையுங்கள். இது மருத்துவத் தேவை என்று டாக்டரிடம் கையெழுத்தும் வாங்கிக்கொள்ளுங்கள், கேட்பார்கள்.