புதிதாகச் சேரும் மகளிர் கால்பந்து அணி முதல் சீசனிலேயே தேறுமா?

பெரும்பாலும் தேறாது. அமெரிக்காவின் என்.டபிள்யூ.எஸ்.எல். லீக்கில் 2014-ல் சேர்ந்த ஹூஸ்டன் டாஷ் முதல் வருடம் கடைசி இடம். 2016-ல் வந்த ஆர்லாண்டோ பிரைடு, அமெரிக்காவின் நட்சத்திர முன்வரிசை வீராங்கனை அலெக்ஸ் மோர்கன் இருந்தும், பத்து அணிகளில் ஒன்பதாவது. அப்போதெல்லாம் பழைய அணிகள் தங்களுக்கு வேண்டியவர்களை முதலில் காப்பாற்றிக்கொள்ளும். மிச்சத்தில்தான் புது அணி ஆள் பொறுக்க வேண்டியிருந்தது; 2024-ல்தான் அந்த முறையைக் கைவிட்டார்கள். பணத்தை வாரி இறைக்கவும் முடியாது. 2022-ல் ஒரு அணியின் சம்பள உச்சவரம்பே 11 லட்சம் டாலர்தான்.

அந்த 2022-ல் சேர்ந்த சான் டியேகோ வேவ் ஒரு விதிவிலக்கு. அங்கே சனிக்கிழமை ராத்திரி ஆட்டம் என்றால் நமக்கு ஞாயிறு காலை. காபியும் லேப்டாப்புமாக உட்கார்ந்து பார்த்துப் பழகிய அணி, அதனால் கொஞ்சம் ஓரவஞ்சனை இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

வேவ் தேறியது, அங்கே வந்து சேர்ந்த மோர்கனால்தான் என்பார்கள் எல்லோரும். 15 கோல் அடித்து, அதிக கோலுக்கான கோல்டன் பூட் வாங்கினார், மறுக்கவில்லை. கோதம் அணிக்கு எதிராக ஒரே ஆட்டத்தில் நாலு கோல்! ஆனால் அதே மோர்கன்தான் ஆர்லாண்டோவின் முதல் வருடத்திலும் இருந்தார். வித்தியாசம் பின்வரிசையில். பயிற்சியாளர் கேசி ஸ்டோனி இங்கிலாந்து அணியின் முன்னாள் கேப்டன், அவரே டிஃபெண்டர். கல்லூரி வீராங்கனைகளை அணிகள் முறை வைத்துத் தேர்ந்தெடுத்த டிராஃப்டில் முதல் வாய்ப்பு கிடைத்ததும், கோல் அடிப்பவரைத் தேடாமல், நயோமி கிர்மா என்ற சென்டர் பேக்கை, அதாவது நடுத் தடுப்பாட்டக்காரரை, எடுத்தார்கள். கோல்கீப்பராக கனடாவின் கைலன் ஷெரிடன். வருடக் கடைசியில் சிறந்த டிஃபெண்டர், சிறந்த புதுமுகம் இரண்டும் கிர்மாவுக்கு, சிறந்த கோல்கீப்பர் ஷெரிடன், சிறந்த பயிற்சியாளர் ஸ்டோனி.

தொடக்கத்தில் அவர்கள் ஆடியது ஒரு பல்கலைக்கழகத்தின் சின்ன மைதானத்தில். செப்டம்பர் 17 அன்று புது ஸ்னாப்டிராகன் ஸ்டேடியத்துக்கு மாறினார்கள். எதிரே, அதே வருடம் சேர்ந்த, பக்கத்து லாஸ் ஏஞ்சலஸின் ஏஞ்சல் சிட்டி அணி. கூட்டம் 32,000, லீக்கில் அதுவரை இல்லாத அளவு. 17 வயது ஜேடின் ஷா அடித்த ஒரே கோலில் வேவ் ஜெயித்தது. அன்றைக்குக் காபி ஆறிப்போனதே தெரியவில்லை.

மூன்றாம் இடத்தில் முடித்து, முதல் சீசனிலேயே பிளே-ஆஃப் போன முதல் புது அணி என்ற பெயரும் வாங்கியது. சிகாகோவைக் கூடுதல் நேரத்தில் மோர்கன் கோலில் தாண்டினார்கள். அரையிறுதியில் போர்ட்லாண்டிடம் தோல்வி; ஆட்டம் முடியும் தறுவாயில் அவர்களுடைய கிறிஸ்டல் டன் அடித்த கோல், அது இன்னும் எனக்கு ஆறவில்லை.

2023-ல் புள்ளிப் பட்டியலில் முதலிடம், அதற்கான ஷீல்டு கையில். ஆனாலும் மறுபடி அரையிறுதியில் தோல்வி. 2024-ல் எல்லாம் சரிந்தது: ஜூனில் ஸ்டோனியை நீக்கினார்கள், செப்டம்பரில் மோர்கன் ஓய்வு, சீசன் முடிவில் பதினாலில் பத்தாவது.

2025 ஜனவரியில் கிர்மாவையும் செல்சிக்கு விற்றார்கள். மகளிர் கால்பந்தில் ஒரு வீராங்கனைக்கு பத்து லட்சம் டாலருக்கு மேல் விலை போனது அதுதான் முதல்முறை. டிராஃப்டில் காசு கொடுக்காமல் வந்தவர்.