கூட்டம் கூடிய மறுநாள்: வாசகர் கேள்வி-பதில்

கேள்வி: ஒரு ஹேஷ்டேக் போட்டால் லட்சம் பேர் தெருவுக்கு வந்துவிடுகிறார்கள். பல ஆண்டுகள் அலைந்து ஆள் சேர்த்த பழைய இயக்கங்களைவிட இன்றைய இணைய இயக்கங்கள் வலிமையானவை அல்லவா?

பதில்: கூட்டுவதில் வலிமையானவைதான், கூடிய கூட்டம் மறுநாள் என்ன செய்ய வேண்டும் என்று முடிவெடுப்பதில் அப்படிச் சொல்வதற்கில்லை. 1955 டிசம்பர் 1 அன்று அமெரிக்காவின் மாண்ட்கமரி நகரில், வெள்ளையருக்குப் பேருந்து இருக்கையை விட்டுக்கொடுக்க மறுத்த கறுப்பினப் பெண் ரோசா பார்க்ஸ் கைதானார். அன்றிரவே ஜோ ஆன் ராபின்சன் என்ற கல்லூரி ஆசிரியை தம் கல்லூரியின் படியெடுக்கும் இயந்திரத்தின் முன் நின்று, பேருந்துகளைப் புறக்கணிக்க அழைக்கும் வாசகத்தை ஒரே தாளில் மூன்று முறை பதித்து வெட்டி, விடிவதற்குள் பல்லாயிரம் துண்டறிக்கைகளை ஆயத்தப்படுத்தினார். இன்று அந்தச் செய்தியை ஒரு நிமிடத்தில் அனுப்பிவிடலாம். ஆனால் அந்தக் கட்டுகளை எந்த இடத்தில், யார் கையில் ஒப்படைப்பது என்பது அவருக்கு முன்பே தெரிந்திருந்தது; அவர் தலைமையேற்றிருந்த பெண்கள் அமைப்பு, பேருந்துப் புறக்கணிப்பு வரக்கூடும் என்று 1954-ஆம் ஆண்டிலேயே மேயருக்குக் கடிதம் எழுதியிருந்தது.

புறக்கணிப்பு 381 நாட்கள் நீடித்தது. வேலைக்குச் செல்வோரை ஏற்றி இறக்க ஏறத்தாழ 300 கார்களை ஒழுங்குபடுத்த வேண்டியிருந்தது. யார் ஓட்டுவது, எந்த முனையில் நிறுத்துவது, பெட்ரோலுக்குப் பணம் எங்கிருந்து வரும், காவல்துறை ஓட்டுநர்மீது வழக்குப் போட்டால் என்ன செய்வது என்று அன்றாடம் பேசித் தீர்க்க வேண்டியிருந்தது. சலிப்பூட்டும் இந்த வேலைகளைச் செய்தபோதுதான் அவர்கள் ஒருவரையொருவர் நம்பவும், கருத்து மாறுபட்ட பிறகும் சேர்ந்து முடிவெடுக்கவும் கற்றுக்கொண்டார்கள். இணையம் இந்த வேலையை மிச்சப்படுத்துகிறது. கூடவே அந்தப் பயிற்சியையும் பறித்துவிடுகிறது.

எகிப்தைப் பாருங்கள். காவலர்கள் அடித்ததில் உயிரிழந்த காலித் சயீத் என்ற இளைஞரின் பெயரில் தொடங்கப்பட்ட ஃபேஸ்புக் பக்கம், 2011 ஜனவரி 25 போராட்டத்துக்கு மக்களை அழைத்தவற்றுள் முதன்மையானது. பதினெட்டே நாட்களில் அதிபர் முபாரக் பதவி விலகினார். மறு ஆண்டு அதிபர் தேர்தலின் இரண்டாம் சுற்றில் மோதிக்கொண்டவர்களோ, பல்லாண்டுகளாகக் கட்டுக்கோப்பாக இயங்கிய முஸ்லிம் சகோதரத்துவ அமைப்பின் வேட்பாளரும், முபாரக்கின் கடைசிப் பிரதமரும். கெய்ரோவின் தஹ்ரீர் சதுக்கத்தை நிறைத்த இளைஞர்களின் சார்பில் அந்தச் சுற்றில் ஒருவருமில்லை. சர்வாதிகாரியை இறக்கத் தெரிந்தவர்களுக்கு வேட்பாளரை நிறுத்தத் தெரியவில்லை என்று ஏளனமாகச் சொல்லிவிட்டுப் போவது எளிது. அதற்கான அமைப்பை வளர்க்க அவர்களுக்குக் கிடைத்த காலம் எவ்வளவு என்பதையும் நினைத்துப் பார்க்க வேண்டும்.

கேள்வி: பகிர்வதும் முகப்புப் படத்தை மாற்றுவதும் போராட்டம் ஆகுமா?

பதில்: எதைப் பகிர்கிறோம் என்பதைப் பொறுத்தது. 2020 மே மாதம் அமெரிக்காவின் மினியாபொலிஸில் ஜார்ஜ் ஃபிளாய்ட் என்ற கறுப்பினத்தவர் காவலர் ஒருவரின் பிடியில் இறந்தபோது, அது காவல் நடவடிக்கையின்போது நேர்ந்த மருத்துவச் சம்பவம் என்பதாகவே காவல்துறையின் முதல் அறிக்கை கூறியது. நடைபாதையில் நின்ற 17 வயதுப் பெண் ஒருவர் எடுத்த கைப்பேசிக் காணொளிதான் அந்த அறிக்கையைப் பொய்யாக்கியது. மறு ஆண்டு ஏப்ரலில் அந்தக் காவலர் குற்றவாளி எனத் தீர்ப்பானபோது அது முக்கியச் சான்றாகவும் விளங்கியது. அதைப் பகிர்ந்த ஒவ்வொருவரும் ஒரு சாட்சியத்தை மறைக்க முடியாததாக்கினார்கள்.

2020 ஜூன் 2 அன்று பல லட்சம் பேர் ஆதரவுக்கு அடையாளமாக இன்ஸ்டாகிராமில் வெறும் கறுப்புச் சதுரம் ஒன்றைப் பதிவிட்டார்கள். பலர் அதனுடன் ‘பிளாக் லைவ்ஸ் மேட்டர்’ இயக்கத்தின் ஹேஷ்டேக்கையும் சேர்த்துவிட்டதால், போராட்டக் களத்திலிருந்து வந்த தகவல்களைத் தேடியவர்களுக்குத் திரை முழுவதும் கறுப்புக் கட்டங்களே தென்பட்டன. கறுப்பினச் செயற்பாட்டாளர்களே அந்த ஹேஷ்டேக்கை நீக்கும்படி கெஞ்ச வேண்டியதாயிற்று. பதிவிட்டவர்களின் நல்லெண்ணத்தை நான் ஐயுறவில்லை. ஆயினும் அது களத்தில் இருந்தவர்களுக்கு இடைஞ்சலாகவே முடிந்தது.

கேள்வி: அரசாங்கம் இணையத்தைத் துண்டித்துவிட்டால் இயக்கம் முடிந்ததா?

பதில்: கூட்டம் கலைவதில்லை. 2011 ஜனவரி 28 அன்று எகிப்து ஏறக்குறைய முழு இணையத்தையும் முடக்கியது. அன்றுதான் கூட்டம் மேலும் பெருகியது. வீட்டில் உட்கார்ந்து செய்தி பார்க்க முடியாதவர்கள் என்ன நடக்கிறது என்று பார்க்க வெளியே வந்தார்கள் என்பது ஒரு காரணம். 2025 செப்டம்பரில் நேபாள அரசு 26 சமூக ஊடகத் தளங்களைத் தடை செய்தபோது, ஊழல்மீது ஏற்கெனவே குமுறிக்கொண்டிருந்த இளைஞர்கள் தெருவுக்கு வந்தார்கள். சில நாட்களுக்குள் பிரதமர் விலகினார். பிறகு அவர்கள் டிஸ்கார்ட் என்னும் உரையாடல் செயலியில் விவாதித்து, வாக்கெடுத்து, முன்னாள் தலைமை நீதிபதி சுசீலா கார்க்கியை இடைக்காலப் பிரதமராக முன்மொழிந்தார்கள். அவரே பதவியேற்கவும் செய்தார். நான் முதல் பதிலில் சொன்னதற்கு இது ஓரளவு மறுப்புதான். ஆனால் அந்த வாக்கெடுப்பில் கலந்துகொண்டவர் நாட்டின் குடிமகனா, வேடிக்கை பார்க்க வந்தவரா என்று யாரும் சரிபார்க்க வழியில்லை.

துண்டிப்பின் உண்மையான கொடுமை வேறு. 2019 நவம்பரில் ஈரான் ஏறத்தாழ ஒரு வாரம் இணையத்தை முடக்கியபோது, போராட்டத்தில் சுடப்பட்டவர்களின் படங்கள் உடனுக்குடன் வெளியே வர முடியாமல் போயின. இணையத்தைத் துண்டிக்கிற அரசுக்கு முதலில் வேண்டியது சாட்சி இல்லாத இருட்டு.

கேள்வி: மறையாக்கம் செய்யப்பட்ட, அதாவது அனுப்புபவரும் பெறுபவரும் மட்டுமே படிக்கக்கூடிய, செயலியில் பேசினால் கண்காணிப்பிலிருந்து தப்பலாமா?

பதில்: பேசிய செய்தியை மறைக்கலாம், யார் யாருடன் எப்போது பேசினார், கைப்பேசி எந்தக் கோபுரத்தின் அருகே இருந்தது என்பதை அது மறைக்காது. பணமும் தடம் விடும். 2019-இல் ஹாங்காங் போராட்டக்காரர்கள் இதை நன்றாகப் புரிந்துவைத்திருந்தார்கள். வழக்கமாக அட்டையைத் தொட்டுவிட்டு ரயில் ஏறுகிறவர்கள், பயண விவரம் பதிவாகிவிடும் என்று அஞ்சி, இயந்திரத்தின் முன் நீண்ட வரிசையில் நின்று சில்லறை கொடுத்து ஒருவழிச் சீட்டு வாங்கினார்கள். பின்னால் வருகிறவர்கள் வீடு திரும்பட்டும் என்று சிலர் அந்த இயந்திரங்களின் மேல் நாணயங்களை விட்டுச் சென்றார்கள்.