பல நாள் உண்ணாநோன்பு: வாசகர் கேள்விகளுக்கு உணவியல் ஆலோசகரின் பதில்கள்

குடியாத்தம் வாசகர்: மூன்று நாள் தண்ணீர் மட்டும் அருந்தி இருந்தால் புத்தி தெளியும் என்கிறார்களே, உண்மையா ஐயா?

பதில்: ஓரளவு உண்மை, ஆனால் முதல் நாளிலேயே அதை எதிர்பார்க்காதீர்கள். கல்லீரலில் சேமிப்பாக உள்ள ஏறத்தாழ 100 கிராம் கிளைக்கோஜன் (உடல் சேர்த்துவைக்கும் சர்க்கரை) ஒரு நாளில் பெரும்பாலும் தீர்ந்துவிட, அதன்பின் கொழுப்பிலிருந்து உண்டாகும் கீட்டோன்களை மூளை சிறுகச் சிறுக எரிபொருளாக ஏற்கத் தொடங்குகிறது. இரண்டாம், மூன்றாம் நாளில் சிலருக்கு வரும் விழிப்புக்கு இதுவும், உடலை உஷார்ப்படுத்தும் நோர்அட்ரினலின் சுரப்பு கூடுவதும் காரணங்களாகக் கூறப்படுகின்றன. தூக்கம் கெட்டதால் வரும் படபடப்பையே தெளிவு என்று எண்ணிக்கொள்வோரும் உண்டு. இடையில் வரும் தலைவலிக்கு வழக்கமான காபி நின்றதும், சிறுநீரோடு உப்பு வெளியேறுவதுமே பெரும்பாலும் காரணம்.

காட்பாடி வாசகி: சர்க்கரைக்கு மாத்திரை சாப்பிடுகிறேன். நானும் இருக்கலாமா?

பதில்: மருத்துவரைக் கேட்காமல் தொடங்கவே கூடாது, அம்மா. கிளிமிபிரைடு அல்லது இன்சுலின் எடுத்துக்கொண்டு உண்ணாமல் இருந்தால் சர்க்கரை அபாயகரமாக இறங்கலாம். டாபாகிளிஃப்ளோசின் வகை மாத்திரைகளிலோ, சர்க்கரை அளவு பெரிதாக ஏறாமலேயே இரத்தத்தில் கீட்டோன் அமிலம் பெருகிவிடலாம். அதற்காக மாத்திரையை நீங்களாகவே நிறுத்துவதும் தவறு.

ராணிப்பேட்டை வாசகர்: கறுப்புக் காபி குடிக்கலாமா?

பதில்: பாலும் சர்க்கரையும் சேர்க்காமல் குடிக்கலாம்.

வாணியம்பாடி வாசகர்: ரமலானில் நாங்கள் தண்ணீரும் தொடுவதில்லை. தண்ணீர் குடித்துக்கொண்டு இருப்பது என்ன நோன்பு?

ஆரணி வாசகர்: எங்கள் சமணக் குடும்பங்களில் காய்ச்சிய நீரோடு பத்து நாள் உபவாசம் இருந்தவர்கள் உண்டு. மாலையில் கஞ்சியோடு முடிவதும் இதுவும் ஒன்றா?

வேலூர் வாசகர்: இரண்டையும் சேர்த்து, தண்ணீரும் இன்றி மூன்று நாள் இருந்தால் பலன் இரட்டிப்பாகுமே!

பதில்: எது கடுமை என்று தீர்ப்புச் சொல்ல நான் வரவில்லை, இரண்டு மரபுகளிலுமே நீருக்கு இடம் இருப்பதை மட்டும் கவனியுங்கள். ஒன்றில் இரவில் உணவும் நீரும் ஈடு செய்யப்படுகின்றன. மற்றதில் பகலில் நீர் அனுமதிக்கப்படுகிறது. வேலூர் நண்பரின் யோசனையில் இரண்டு பாதுகாப்புமே இல்லை. கத்திரி வெயிலில் 40 டிகிரியைத் தாண்டும் ஊரில் தண்ணீரின்றி மூன்று நாள் இருப்பது சிறுநீரகத்தைச் சோதித்துப் பார்க்கும் வேலை. வேண்டாம்.

வாலாஜா வாசகி: தன்னைத்தானே உண்ணும் செல்லுக்கு நோபல் பரிசே கொடுத்திருக்கிறார்களே?

பதில்: 2016ஆம் ஆண்டு ஜப்பானிய அறிவியலாளர் யோஷினோரி ஓசுமிக்குக் கிடைத்த பரிசு, ஈஸ்ட் செல்களில் தன்னுண்ணல் (செல் தன் பழைய பாகங்களைத் தானே சிதைத்து மீண்டும் பயன்படுத்துவது) நிகழும் முறையையும் அதற்கான மரபணுக்களையும் கண்டறிந்ததற்கு. மூன்று நாள் பட்டினிக்கு அல்ல.

ஆம்பூர் வாசகர்: ஐந்து நாள் முடித்துவிட்டு எங்கள் ஊர் பிரியாணியோடு நோன்பை விடலாமா?

பதில்: இன்று வந்தவற்றில் நான் காத்திருந்த கேள்வி இதுதான், ஏனெனில் நோன்பில் இருக்கும்போது காட்டும் கவனத்தை அதை முடிக்கும்போது யாரும் காட்டுவதில்லை. பல நாள் ஒடுங்கியிருந்த இன்சுலின், மாவுச்சத்து திடீரென உள்ளே போனவுடன் எழும்பி, இரத்தத்தில் உள்ள பாஸ்பேட், பொட்டாசியம், மக்னீசியம் ஆகியவற்றைச் செல்களுக்குள் இழுத்துக்கொள்கிறது. அந்தச் சரிவில் இதயத் துடிப்பு தடுமாறலாம், மூச்சு திணறலாம், கால் வீங்கலாம். ஏற்கெனவே மெலிந்தவர்களுக்கும், மது அருந்துவோருக்கும், ஐந்து நாளுக்கு மேல் இருப்போருக்கும் இந்த ஆபத்து அதிகம். முதல் வேளைக்கு அரை டம்ளர் நீர்மோர் அல்லது நீர்த்த பயற்றங்கஞ்சி போதும். சில மணி நேரம் கழித்து மீண்டும் அதே அளவு. மறுநாள் குழைந்த சாதமும் பருப்பும். பிரியாணிக்கு நான்கு நாள் பொறுங்கள். அதன் கத்தரிக்காய்த் தொக்குக்கும்தான். ஐந்து நாள் என்பதால், தொடங்கும் முன்பே மருத்துவரிடம் சொல்லி, முடிக்கும் நாளில் இரத்தப் பரிசோதனைக்கும் ஏற்பாடு செய்துகொள்ளுங்கள்.

அரக்கோணம் வாசகர்: மூன்று நாளில் நான்கு கிலோ குறைந்தது. நிலைக்குமா?

பதில்: பெரும்பகுதி நிலைக்காது. ஒரு கிராம் கிளைக்கோஜனோடு ஏறத்தாழ மூன்று கிராம் நீரும் சேர்ந்து வெளியேறுகிறது. உண்ணத் தொடங்கியதும் அது திரும்பிவிடும்.

பேரணாம்பட்டு வாசகர்: யூரிக் அமிலத்துக்கு மாத்திரை சாப்பிடுகிறேன், காபி குடிக்கலாமா?

பதில்: காபியைப் பற்றி ராணிப்பேட்டைக்குச் சொல்லியாகிவிட்டது. நோன்பில் யூரிக் அமிலம் ஏறும், மூட்டு வலி திரும்பலாம். மாத்திரை சாப்பிடுவோர் மருத்துவரைக் கேட்காமல் தொடங்கக் கூடாது என்பதைக் காட்பாடி அம்மாவுக்கு மட்டும் சொன்னதாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.