சாவி யார் கையில்?

அன்புள்ள ஐயா,

‘இட் கம்ஸ் அட் நைட்’ படம் பார்த்தேன். கொள்ளைநோய்க்குப் பயந்து காட்டுவீட்டில் ஒளிந்திருக்கும் குடும்பம் இன்னொரு குடும்பத்துக்கு இடம் கொடுக்கிறது, கடைசியில் அவர்களையே சுட்டுக் கொல்கிறது. ஒன்றரை மணி நேரம் இழுத்தும் இரவில் வந்தது எது, கதவைத் திறந்தது யார் என்று சொல்லவில்லை. ஆனால் குடும்பத்தைக் காக்க அந்த அப்பா செய்தது சரிதானே? நாமாக இருந்தாலும் அதைத்தானே செய்வோம்? சுவரில் மாட்டியிருக்கும் அந்த ஓவியம் யாருடையது?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

பேய் வரவில்லை என்ற கோபம் உங்களுக்கு மட்டுமில்லை. 2017இல் படம் வந்தபோது விமர்சகர்கள் பாராட்டினார்கள், படம் பார்த்து வருபவர்களிடம் மதிப்பெண் கேட்கும் சினிமாஸ்கோர் கணிப்பில் அமெரிக்க ரசிகர்கள் ‘டி’ என்ற மட்டமான மதிப்பெண் போட்டார்கள். இழுவையை விடுங்கள். கதவு விவகாரத்தையும் விடுங்கள், யார் திறந்தால் என்ன?

‘நாமாக இருந்தாலும்’ என்றீர்களே, அங்கேதான் சுருக்கென்றது. எந்த ‘நாம்’? சாவியும் துப்பாக்கியும் உங்களிடம்தான் இருக்கும் என்று யார் சொன்னது? தண்ணீர் தேடி வந்து, மரத்தில் கட்டிவைக்கப்பட்ட இன்னொரு குடும்பத்து அப்பா வில் ஏன் உங்கள் ‘நாம்’ இல்லை? அவனுக்கும் மனைவி, குழந்தை உண்டு. ஆடும் கோழியுமாகத்தான் அந்த வீட்டுக்குக் குடிவந்தார்கள்.

கொஞ்ச நாளாக 1665 லண்டன் பிளேக்கைப் பற்றிப் படித்துக்கொண்டிருக்கிறேன். வீட்டில் ஒருவருக்கு நோய் கண்டால் நன்றாக இருப்பவர்களையும் சேர்த்து உள்ளே பூட்டினார்கள். கதவில் ஓரடி நீளச் சிவப்புச் சிலுவை. வாசலில் பகலுக்கு ஒரு காவலாள், இரவுக்கு ஒருவர். ஊரைக் காப்பாற்றத்தான். ஆனால் பூட்டப்பட்டவர்களும் ஊர்தானே? விளைவு என்ன? ஜனங்கள் நோயை மறைத்தார்கள், காவலை ஏமாற்றி ஓடினார்கள். சொன்னால் அடைப்பார்கள் என்றால் யார் சொல்வான்?

நீங்கள் சொன்ன அந்த அப்பா, பால் (Paul), அவர் வீட்டிலும் இதே கதைதான். முதலில் தனக்கொரு சகோதரன் இருப்பதாகப் பேசிய வில், பிறகு ஒருநாள் தான் ஒற்றைப் பிள்ளை என்கிறான். மனைவியின் சகோதரன் என்று விளக்கியும் பாலுக்குச் சந்தேகம் தீரவில்லை. அப்படிப்பட்டவரிடம் எந்தத் தாய் குழந்தைக்குக் காய்ச்சல் என்று வாய்திறப்பாள்? வில்லின் குழந்தை ஆண்ட்ரூவுக்கு நோய் இருந்ததா என்று கடைசிவரை நமக்குத் தெரியாது. பாலுக்கும் தெரியாது. தெரியாமலேதான் சுட்டார். அப்புறம் மகனாவது பிழைத்தானா? அதையும் பார்த்துவிட்டு ‘சரிதானே’ என்று கேட்கிறீர்கள்! உங்கள் பயம் எனக்குப் புரிகிறது, எனக்கும் உண்டு. அதற்குப் பாசம் என்று பெயர் வைக்காதீர்கள்.

சரி, ஓவியம். புரூகலின் ‘மரணத்தின் வெற்றி’, 16ஆம் நூற்றாண்டு. மாட்ரிட்டின் பிராடோ அருங்காட்சியகத்தில் இருக்கிறது. பெரிதாக்கிப் பாருங்கள், இடது மூலையில் ராஜாவும் விழுந்து கிடக்கிறார்.