மாதத்துக்கு எத்தனை மணி?

வணக்கம்.

பல்லடத்தில் 12 தறி போட்டு கூலிக்கு ஓட்டுகிறேன். மகன் இந்த வருஷம் பிளஸ் டூ முடித்திருக்கிறான். கணக்கும் இயற்பியலும் எடுத்தவன். பைலட் ஆகணும் என்பதைத் தவிர அவனிடம் வேறு பேச்சில்லை. கோவையில் ஒரு ஆலோசகரைப் பார்த்தோம். 200 மணி நேரம் பறக்கும் பயிற்சி, மணிக்கு 16,000, வகுப்பு, விடுதி எல்லாம் சேர்த்து 38 லட்சம், 14 மாதத்தில் உரிமம் கைக்கு வந்துவிடும் என்கிறார். மொத்தத்தையும் இந்த மாதமே கட்டினால் 2 லட்சம் குறைப்பார்களாம். காங்கயத்தில் பங்கில் வந்த பூமி 2 ஏக்கர் இருக்கிறது. கொடுத்துவிடலாமா?

எஸ்.கே., பல்லடம்

அன்புள்ள அண்ணா,

வணக்கங்க. பூமியை இப்போது கொடுக்காதீர்கள். அவனால் முடியாது என்பதற்காகச் சொல்லவில்லை. முடியுமா என்று தெரிந்துகொள்ள அவ்வளவு பணம் வேண்டியதில்லை.

முதல் வேலை மருத்துவப் பரிசோதனை. டிஜிசிஏ (விமானிகளுக்கு உரிமம் தரும் மத்திய அரசு அமைப்பு) அங்கீகரித்த மருத்துவரிடம் இரண்டாம் வகுப்புச் சான்று, அது தேறியதும் முதல் வகுப்புச் சான்று. சம்பளத்துக்கு விமானம் ஓட்ட முதல் வகுப்புச் சான்று இல்லாமல் ஆகாது. கண்ணாடி போட்டிருப்பதெல்லாம் தடையில்லை. நிறம் பிரித்தறிவதில் குறை இருந்தால்தான் பெரிய சிக்கல். பள்ளியில் 12 வருஷம் படித்தும் அது வெளியே தெரியாமலே போவதுண்டு. புள்ளிகளுக்குள் எண் ஒளிந்திருக்கும் அந்த அட்டையைப் பார்க்கும் அன்றுதான் தெரியவரும். பணம் கட்டி, இரண்டாம் வகுப்பை வைத்துக்கொண்டு பறக்க ஆரம்பித்து, பாதியில் முதல் வகுப்புக்குப் போய் நின்றுபோகும் பிள்ளைகள் இருக்கிறார்கள். இதற்கு ஆகும் செலவு ஆயிரங்களில்தான். பூமியோடு ஒப்பிட்டால் ஒன்றுமே இல்லை.

அடுத்தது எழுத்துத் தேர்வுகள்: நேவிகேஷன் (வழி கணித்தல்), மெட்டியராலஜி (வானிலை), ஏர் ரெகுலேஷன் (விமான விதிகள்), டெக்னிக்கல் (விமானத் தொழில்நுட்பம்). ஒவ்வொன்றிலும் 70 சதவீதம் வேண்டும். ரேடியோவில் பேசுவதற்கான தேர்வு தனி. டிஜிசிஏவில் பதிந்து, தேர்வெழுதுபவருக்குத் தரும் கணினி எண்ணை வாங்கிவிட்டால், பறக்கும் பள்ளியில் சேராமலே இவற்றை எழுதலாம். விடுதிக்கு வாடகை கட்டிக்கொண்டு அங்கே உட்கார்ந்து படிப்பதைவிட, வீட்டிலிருந்து படித்து முடித்துவிட்டுப் போவது நல்லது. தம்பிக்கு இதில் மனம் நிற்கிறதா என்பதும் அந்த ஆறேழு மாதத்தில் தெரிந்துவிடும்.

இனி அந்த 38 லட்சத்துக்கு வருவோம். மணிக்கு 16,000 என்பதை அவர் முதலில் சொல்வதற்குக் காரணம், எல்லோரும் அதைத்தான் கேட்கிறார்கள். நீங்கள் தறிக்காரர். 12 தறி நிற்பது வேறு, 12 தறி ஓடுவது வேறு என்று உங்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. இங்கேயும் அதே கணக்குதான். பள்ளியில் 8 விமானம் இருக்கிறது என்பார்கள். எத்தனை பறக்கிறது என்று கேளுங்கள். உதிரிபாகத்துக்குக் காத்து இரண்டு, பராமரிப்பில் ஒன்று போனால் மீதி 5. ஒவ்வொரு 100 மணி நேரத்துக்கும் ஆய்வுக்காகப் பிரித்தாக வேண்டும், அதில் சில நாள் போகும். ஒரு விமானம் மாதத்துக்கு 60 மணி பறந்தால் 5 விமானத்துக்கு 300 மணி. மாணவர்கள் 40 பேர் என்று வையுங்கள். தலைக்கு ஏழரை மணி. அந்த வேகத்தில் 200 மணி முடிய 27 மாதம் ஆகும். 14 மாதத்தில் முடிய வேண்டுமென்றால் மாதம் 14 மணிக்கு மேல் கிடைத்தாக வேண்டும். ஆகவே கேள்வி ஒன்றுதான்: போன ஆறு மாதத்தில் ஒரு மாணவனுக்கு மாதம் எத்தனை மணி கொடுத்தீர்கள்? பதிலை வாயால் வாங்காதீர்கள். அங்கே படிக்கும் இரண்டு மூன்று பிள்ளைகளின் பறத்தல் பதிவேட்டைப் பார்த்து மாதவாரியாகக் கூட்டுங்கள்.

இழுக்கும் ஒவ்வொரு மாதமும் விடுதியும் சாப்பாடும் வட்டியும் ஓடும். அதைவிடப் பெரிய நஷ்டம் ஒன்று உண்டு. உரிமத்துக்கு வேண்டிய 200 மணியில் 100 மணி, பயிற்சியாளர் பொறுப்பில் இல்லாமல், அவனே பொறுப்பு விமானியாக ஓட்டியதாக இருக்க வேண்டும். அதில் 15 மணியாவது விண்ணப்பத்துக்கு முந்தைய ஆறு மாதத்துக்குள் ஓட்டியிருக்க வேண்டும். 190 மணியில் விமானம் இல்லாமல் ஏழெட்டு மாதம் உட்கார்ந்தால், மறுபடி காசு கட்டி ஓட்ட நேரும்.

காற்றையும் கணக்கில் வையுங்கள். பாலக்காட்டுக் கணவாய் வழியாக ஆடிக்காற்று அடிக்கும்போது நம் பக்கம் காற்றாலை சுற்றும், பயிற்சி விமானம் தரையில் நிற்கும். செஸ்னா 172 என்ற சிறு பயிற்சி விமானத்தின் கையேட்டில், பக்கவாட்டில் அடிக்கும் குறுக்குக் காற்றில் இறக்கிச் சோதித்துக் காட்டிய அளவு 15 நாட், அதாவது மணிக்கு 28 கிலோமீட்டர். தனியாகப் பறக்கும் மாணவனுக்கு அதைவிடக் குறைத்துத்தான் அனுமதிப்பார்கள். வடக்கே போனால் மார்கழி, தையில் மூடுபனி. எந்த ஊர்ப் பள்ளியானாலும் வருஷத்தில் எந்த மாதங்கள் வீணாகும் என்று கேளுங்கள்.

கட்டணம் ஓடுவது சக்கரம் நகர ஆரம்பித்து மறுபடி நிற்கும்வரை. மீட்டரில் ஒரு புள்ளி, அதாவது ஆறு நிமிஷம், 1,600 ரூபாய். பயணிகள் விமானம் அதிகம் வரும் இடத்தில் ஓடுபாதை ஓரம் கால் மணி காத்திருந்தால் 4,000 போயிற்று. அந்த நேரம் பதிவேட்டில் ஏறும், கைக்கு ஏறாது.

38-இல் சேராதவை: இரட்டை எஞ்சின் விமானத்தில் 15 மணி வாக்கில் ஓட்ட வேண்டும், அதன் மணிக் கட்டணம் இரண்டு மூன்று மடங்கு. தேர்வுக் கட்டணம், திரும்ப எடுக்கும் சோதனைகள். உரிமம் வந்த பிறகும் ஏர்பஸ் 320 போன்ற ஒரு ரகத்துக்குத் தனிப் பயிற்சி. அதை நாமே கட்டினால் 12 முதல் 25 லட்சம். அப்புறம் வேலைக்குக் காத்திருக்கும் காலம். உரிமம் வரைக்கே 45 முதல் 65 லட்சம் என்று மனதில் வையுங்கள். 50 லட்சம் கடன் வாங்கி 11 சதவீத வட்டியில் 10 வருஷத்துக்குக் கட்டினால் மாதம் ஏறக்குறைய 69,000. பையன் வேலையில் சேரும்வரை அதைத் தறிதான் கட்ட வேண்டியிருக்கும்.

மொத்தமாகக் கட்டினால் 2 லட்சம் தள்ளுபடி என்பதை ஏற்காதீர்கள். முழுப்பணமும் போய்விட்டால் உங்கள் பையனை வரிசையில் முன்னே விட அவர்களுக்கு அவசரமில்லை. 25 மணி அல்லது 50 மணி ஓட்ட ஓட்டக் கட்டும்படி பேசுங்கள். பாதியில் விலகினால் ஓட்டாத மணிக்குப் பணம் எத்தனை நாளில் திரும்ப வரும் என்பது ஒப்பந்தத்தில் எழுத்தாக இருக்க வேண்டும். எரிபொருள் விலை ஏறினால் மணிக் கட்டணம் ஏறுமா என்பதும் அதில் இருக்கட்டும்.

பயிற்சிப் பள்ளிகளை டிஜிசிஏ 2025-இல் தரவரிசைப்படுத்தத் தொடங்கியிருக்கிறது, அதையும் பாருங்கள். சேலம் காமலாபுரம் விமான நிலையத்தில் பயிற்சிப் பள்ளிகளுக்கு 2022-இல் இடம் ஒதுக்கினார்கள். உங்களுக்குப் பக்கம்தான். அங்கேயோ வேறு எங்கேயோ, முன்பணம் கொடுக்கும் முன்பு அனுமதி கேட்டு ஒரு வேலைநாள் முழுக்க, விடிந்ததிலிருந்து, தம்பியோடு போய் உட்காருங்கள். எத்தனை விமானம் கிளம்புகிறது, எத்தனை பிள்ளைகள் சீருடையோடு மரத்தடியில் காத்திருக்கிறார்கள் என்று எண்ணிக்கொண்டு வாருங்கள். அந்த இரண்டு எண்ணும் மருத்துவச் சான்றும் கையில் இருந்தால் மறுபடி எழுதுங்கள், பூமியைப் பற்றி அப்போது பேசலாம்.